உமரி ஏன் மாவடு ஆவதில்லை?

மாவடு போட்டுப் பழகியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கழுவி, துடைத்து, ஈரம் போக உலர்த்திய வடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி ஜாடியை மூடி வைப்பதோடு சரி. இரண்டு மூன்று நாளில் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும். வடுவின் தோல் சுருங்கியிருக்கும். அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததல்ல, வடுவுக்குள் இருந்ததுதான். செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு நீரை விடும், உப்பை லேசில் விடாது. ஆகவே உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நீர் போகிறது. பள்ளிக்கூடத்தில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

இப்போது வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலைக்கு வாருங்கள். 1930இல் ராஜாஜி உப்பெடுத்த அகஸ்தியம்பள்ளி அந்த வழியில்தான் இருக்கிறது. மே மாத வெயிலில் உப்பளப் பாத்திகளின் ஓரத்தில் மண் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அந்த வெள்ளைக்கு நடுவே கணுக்கால் உயரத்தில், விரலால் நசுக்கினால் சாறு வழிகிற கொழுத்த இலைகளோடு உமரி நிற்கும். மாவடு ஜாடியின் விதிப்படி அதன் வேரில் இருக்கும் நீரெல்லாம் மண்ணுக்குப் போய், செடி சுருண்டு மடிந்திருக்க வேண்டும். ஆனால் அது மடியவில்லை. நெல்லும் தென்னங்கன்றும் நிற்க முடியாத இடத்தில் தளதளவென்று நிற்கிறது.

இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் பெரும்பாலானவை செடியின் திறமையோடு முடிந்துவிடுகின்றன. திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் செடியைச் சுற்றி நீர் எப்படி வந்து போகிறது என்பதைச் சேர்க்காவிட்டால் அது பாதிக் கதை. மீதிப் பாதியை விட்டதன் விலையைப் பிச்சாவரம் ஒருமுறை கொடுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உப்பு மண்ணில் ஒரு செடிக்கு வரும் தொல்லை மூன்று வகை. முதலாவது, தாகம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அந்த நீரிலிருந்து நல்ல நீரைப் பிரித்து இழுக்க, ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான இழுவிசை வேண்டும். கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டுதான். கால் முழுக்கத் தண்ணீரில் நின்றுகொண்டு தாகத்தால் சாவது என்பது இதுதான்.

இரண்டாவது, நஞ்சு. செல்லுக்குள் நடக்கும் வேலைகளுக்குப் பொட்டாசியம் வேண்டும். சோடியம் பொட்டாசியத்தின் பங்காளி மாதிரி. உருவத்தில் ஏறக்குறைய ஒன்று, குணத்தில் வேறு. பொட்டாசியம் உட்கார வேண்டிய இடத்தில் சோடியம் போய் உட்கார்ந்துகொண்டால் நொதிகள் வேலையை நிறுத்திவிடும். உப்பு ஏறிய வயலில் நெல்லின் மூத்த இலைகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வருவதற்குத் தாகம் மட்டும் காரணமல்ல, இந்தச் சோடியமும்தான். மண்ணின் உப்பை டெசிசீமன்ஸ் என்ற மின்கடத்தும் அளவில் சொல்வார்கள். அது மூன்றைத் தாண்டினாலே நெல்லின் விளைச்சல் இறங்கத் தொடங்கும். கடல்நீரின் அளவு ஐம்பதை ஒட்டியது.

மூன்றாவது தொல்லையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சேற்றில் காற்று கிடையாது. உப்பங்கழிச் சேற்றைக் கையில் அள்ளினால் மேல்தோல் பழுப்பாகவும் அடியில் கரியாகவும் இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் நாற்றம் அது. அதற்குள் வேர் உயிரோடு இருந்தாக வேண்டும்.

முதலில் உமரி. நெடுங்காலம், உப்பில் வாழும் செடியின் உள்ளுறுப்புகளே உப்புக்குப் பழகியவையாக இருக்கும் என்று நினைப்பது இயல்பாக இருந்தது. உப்பளத்தில் பிறந்தவனுக்கு உப்புக் கரிக்காது என்பது போல. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் திமோத்தி ஃபிளவர்ஸ் உமரி இனத்துச் செடியிலிருந்து நொதிகளைப் பிரித்தெடுத்து, சோதனைக் குழாயில் உப்பு நீரோடு சேர்த்துப் பார்த்தார். பட்டாணிச் செடியின் நொதிகளையும் அதே மாதிரி சோதித்தார். உமரியின் நொதிகளும் பட்டாணியுடையதைப் போலவே உப்பில் முடங்கின. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த செடிக்கும் உப்பு நஞ்சுதான். செடி உப்பைப் பொறுத்துக்கொள்ளவில்லை. தன் உயிர்நாடிக்குப் பக்கத்தில் அதை வர விடுவதில்லை, அவ்வளவே.

எப்படி விடாமலிருக்கிறது? வளர்ந்த தாவரச் செல் ஒன்றை உள்ளே பார்த்தால், நடுவே பெரிய நீர்ப்பை ஒன்று இருக்கும். வாக்குவோல் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். செல்லின் கொள்ளளவில் பத்தில் எட்டு ஒன்பது பங்கை அதுவே அடைத்துக்கொள்ளும். உயிர் வேலைகள் நடக்கும் சைட்டோபிளாசம் ஓரமாக, மெல்லிய படலமாகச் சுவரை ஒட்டிக் கிடக்கும். உமரி, வேர் வழியாக வரும் சோடியத்தை அந்த நடுப்பைக்குள் தள்ளி அடைக்கிறது. பையின் சவ்வில் இருக்கும் ஒரு புரதம், உள்ளிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே விட்டு, ஒரு சோடியம் அயனியை உள்ளே தள்ளும். சுற்றுக் கதவு மாதிரி, ஒருவர் வந்தால்தான் ஒருவர் போகலாம். இந்தக் கதவைச் சுழற்ற ஆற்றல் செலவாகும். உள்ளே போன உப்பு திரும்பக் கசியாமல் பார்த்துக்கொள்ளவும் செலவாகும்.

இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. வெளியே இருக்கும் உப்பு நீரை எதிர்த்து நீரை உள்ளே இழுக்க, செல்லுக்குள்ளும் ஏதாவது அடர்த்தியாகக் கரைந்திருக்க வேண்டும். அதற்குச் சர்க்கரையையோ அமினோ அமிலத்தையோ தயாரித்து நிரப்பலாம். ஆனால் ஒவ்வொரு மூலக்கூறையும் ஒளிச்சேர்க்கையில் சம்பாதித்த காசில் செய்ய வேண்டும், கட்டுப்படியாகாது. மண்ணில் இலவசமாகக் கிடக்கும் உப்பையே நிரப்பிக்கொண்டால் செலவு பல மடங்கு குறைவு. தன்னைக் கொல்ல வந்ததையே நீர் இறைக்கும் கருவியாக ஆக்கிக்கொள்கிறது உமரி. மாவடுவுக்கு வெளியே இருந்த உப்பு இங்கே செல்லின் உள்ளே இருக்கிறது, அதனால் நீர் உள்நோக்கி வருகிறது. உமரியின் இலை கொழுத்திருப்பதற்கும் காரணம் இதுவே. உப்பு சேரச் சேர நீரையும் சேர்த்து, அடர்த்தி எல்லை மீறாமல் பார்த்துக்கொள்கிறது. உப்பே இல்லாத நல்ல மண்ணில் வளர்த்தால் உமரி நோஞ்சானாகத்தான் வரும். கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு இருந்தால் நன்றாகக் கிளைக்கும். அதற்கு மேல் போனால் அதற்கும் வளர்ச்சி குறையத்தான் செய்யும்.

நடுப்பையில் உப்பு நிறைந்துவிட்டது. ஓரத்துச் சைட்டோபிளாசத்தில் உப்பு இல்லை. அப்படியானால் அந்தப் படலத்தின் நீர் நடுப்பைக்குப் போய்விடாதா? போகும். அதைத் தடுக்க, அந்த மெல்லிய படலத்தை மட்டும் தீங்கில்லாத கரைபொருளால் நிரப்புகிறது செடி. இங்கே செலவு பார்ப்பதில்லை, இடம் சிறியது. உமரியும், உப்பங்கழிச் சேற்றில் வளரும் வெண்கண்டல் மரமும் இதற்குப் பயன்படுத்துவது கிளைசின் பீட்டெய்ன் என்ற சேர்மம். பெயரைக் கவனியுங்கள். பீட்ரூட்டின் இனமான சர்க்கரைக் கிழங்கின் சாற்றில் முதலில் அகப்பட்டதால் அந்தப் பெயர். பீட்ரூட், பாலக்கீரை, உமரி மூன்றும் ஒரே குடும்பம். பீட்ரூட்டின் காட்டு மூதாதை ஐரோப்பியக் கடற்கரைகளில் இன்றும் முளைக்கும் செடி. சாம்பாரில் போடுகிற பீட்ரூட்டுக்கும் உப்பளத்து வரப்புக்கும் இப்படி ஒரு சொந்தம். கோடையில் உமரிக் காடு முழுக்கச் சிவந்து கிடப்பதற்கும் பீட்ரூட்டின் சிவப்புக்கும் காரணம் ஒரே வகை நிறமிதான். உப்பும் வெயிலும் சேர்ந்து அழுத்தும்போது செடி அந்தச் சிவப்பைக் கூட்டுகிறது.

இவ்வளவு உப்பைச் சேர்த்து வைத்த செடியை மனிதர்கள் சும்மா விடவில்லை. கடலோரச் சமையலில் உமரிக்கீரைக்கு உப்புப் போடும் வேலையே இல்லை. குஜராத்தின் பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இந்த இனத்துச் செடி ஒன்றிலிருந்து சமையல் உப்பே தயாரித்துக் காட்டியது. ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் இவ்வகைச் செடிகளை எரித்து, அந்தச் சாம்பலைச் சோப்புக்கும் கண்ணாடிக்கும் பயன்படுத்தினார்கள். வேதியியலில் வரும் அல்கலி என்ற சொல்லே இந்தச் சாம்பலுக்கு அரபியில் இருந்த பெயரிலிருந்து வந்தது. 1791இல் பிரான்சில் நிக்கொலா லெப்ளான் உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அந்தச் சாம்பல் வியாபாரம் படிப்படியாகப் படுத்தது.

வாசலிலேயே நிறுத்துபவை

உமரி உப்பை உள்ளே விட்டு அடைத்து வைக்கும் ஜாதி. கழியின் ஓரத்தில் வரிசை கட்டி நிற்கும் சுரபுன்னை அப்படியல்ல. அது வாசலிலேயே மறித்துவிடும். நெய்தல் பாடல்களில் வருகிற ‘கண்டல் வேலி’ இந்த மரங்கள்தான். முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காடு என்பார்கள், அலையை ஆற்றும் காடு. எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரிலும் தெற்கே நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஓடுகின்றன. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் பெரிய அண்ணன்கள். இவ்வகை ஆலைகளில் ராட்சத மோட்டார்கள் 50 முதல் 70 வளிமண்டல அழுத்தத்தில் கடல்நீரைச் சவ்வின் மேல் அழுத்த, நல்ல நீர் மட்டும் மறுபக்கம் கசியும். சுரபுன்னை இதே வேலையை மோட்டார் இல்லாமல் செய்கிறது. அழுத்தித் தள்ளுவதற்குப் பதிலாக மேலிருந்து உறிஞ்சி இழுக்கிறது.

இதை அளந்து காட்டியவர் பெர் ஷோலாண்டர். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் இருந்தவர். அவர் முறை எளிமையானது. கிளையை வெட்டியதும் உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்த நீர்த்தாரை, அறுந்த ரப்பரைப் போல வெட்டுவாயிலிருந்து உள்ளே சுருங்கிப் போகும். அந்தக் கிளையை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, வெட்டிய நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மூடி, உள்ளே வாயுவின் அழுத்தத்தை ஏற்றுவார். எந்த அழுத்தத்தில் நீர் திரும்ப நுனிக்கு வந்து பளபளக்கிறதோ, அதுதான் மரத்துக்குள் இருந்த இழுவிசை. 1965இல் இதைப் பற்றி எழுதியபோது, உயரமான ஊசியிலை மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்திருந்தார். அலையாத்தி மரங்களில் ஏற வேண்டிய அவசியமில்லை, சேற்றில்தான் இறங்க வேண்டும். அவற்றின் இழுவிசை 30 முதல் 60 வளிமண்டலம் வரை இருந்தது. கடல்நீருக்குத் தேவையான 25ஐ விட எப்போதும் அதிகம். இலையிலிருந்து வெயில் நீரை ஆவியாக்க ஆவியாக்க, அந்த இழுப்பு தண்டு வழியாக வேர் வரை போகிறது. மோட்டாருக்குக் கரண்டு கொடுப்பது சூரியன்.

1968இல் அவர் செய்த இன்னொரு சோதனை எனக்கு இன்னும் சுவையானது. வேரைக் குளிர வைத்தார், நஞ்சு கொடுத்தார், அதன் உயிர் வேலைகளை முடக்கினார். அப்போதும் வேர் உப்பை வடிகட்டிக்கொண்டே இருந்தது. அதாவது வடிகட்டுவது வேரின் உழைப்பால் அல்ல, அதன் கட்டுமானத்தால் நடக்கிறது. வேரின் உட்சுவர்களில் தக்கை போன்ற, நீர் புகாத மெழுகுப் பூச்சு இருக்கிறது. சுவர் இடுக்கு வழியாக நீர் நழுவ முடியாமல், சவ்வுகளைக் கடந்தே ஆக வேண்டும். சவ்வு நீரை விடும், உப்பை நிறுத்தும்.

எவ்வளவு நிறுத்தும்? சுரபுன்னை வகை நூற்றுக்கு ஏறத்தாழ 99 பங்கையும், வெண்கண்டல் 90 பங்குக்குக் குறையாமலும் நிறுத்துகின்றன. 99க்கும் 90க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். கணக்குப் போட்டால் புரியும். ஒரு லிட்டர் கடல்நீரை இழுத்தால் சுரபுன்னைக்குள் போவது கால் டீஸ்பூனுக்கும் மிகக் குறைவான 0.35 கிராம் உப்பு. நூற்றுக்குத் தொண்ணூறு மட்டும் நிறுத்தும் வெண்கண்டலுக்குள் போவது 3.5 கிராம், பத்து மடங்கு. நாள் முழுக்க, வருடம் முழுக்க இலைக்கு வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் இந்த உப்பை என்ன செய்வது?

வெண்கண்டல் அதை வியர்த்து வெளியேற்றுகிறது. இலையின் இரு பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. அடியில் சில செல்கள் உப்பு நீரைச் சேகரிக்கும், நடுவில் ஒரே ஒரு காம்புச் செல் அதைக் கடத்தும், மேலே குடை போல விரிந்த செல்கள் வெளியே தள்ளும். காம்புச் செல்லின் பக்கச் சுவர்களில் மெழுகுப் பூச்சு. மேலே போன உப்பு சுவர் வழியாகத் திரும்பி இலைக்குள் கசிய முடியாது. காலையில் இலையின் மேல் பனித்துளி போல நிற்கும் நீர், வெயில் ஏறியதும் உப்புப் பொடியாகிவிடும். படகில் போகும்போது ஒரு வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்துப் பார்க்கலாம், உப்புக் கரிக்கும். கழுதைமுள்ளியின் இலையிலும் இப்படிப்பட்ட சுரப்பிகள் உண்டு. சங்கப் பாட்டின் முண்டகம் இதுதான் என்று சொல்வோர் உண்டு. உப்பாக இருந்தாலும் வெண்கண்டல் தழையை மாடும் ஆடும் விரும்பித் தின்னும். குஜராத்தின் கச்சில் கராய் ஒட்டகங்கள் இதைத் தின்பதற்காகக் கடலில் நீந்தியே போகின்றன.

நாக்கில் வைத்துப் பார்க்கும் விளையாட்டைத் தில்லை மரத்திடம் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த, அந்தக் கோயிலின் தல மரமான அதே தில்லை. ஊருக்குள் இப்போது தில்லைக் காடு இல்லை, மரத்தைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். தில்லைக்கு உப்புச் சுரப்பி கிடையாது. ஆண்டில் ஒரு பருவத்தில் இலையெல்லாம் சிவந்து கொட்டும். உப்பை முதிய இலைகளில் ஏற்றி, அந்த இலையை உதிர்த்து மரம் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும், எல்லாப் படகோட்டியிடமும் கிடைக்கும். அழகான கதை. ஆனால் இளம் இலை முதல் பழுத்த இலை வரை அலையாத்தி மரங்களில் உப்பை அளந்து பார்த்தவர்களுக்கு, உதிரும் தறுவாயில் இலைக்குள் உப்பு விசேஷமாக ஏறுவதாகத் தெரியவில்லை. இலை வளர வளர அதன் உப்பும் சீராகக் கூடுகிறது. உதிரும்போது உப்பும் கூடவே போகிறது என்பது சரி. உப்பைக் கொட்டுவதற்காகவே உதிர்க்கிறது என்பது மிகை.

எந்த வழியில் போனாலும் இந்த மரங்கள் தண்ணீரில் சிக்கனக்காரர்கள். நீரை அதிகம் இழுத்தால் உப்பும் கூடவே வரும். அதனால் இலைத்துளைகளை அளவோடுதான் திறக்கும். உச்சி வெயிலைத் தட்டையாக வாங்காமல், இலையைச் செங்குத்தாகச் சாய்த்துப் பிடிக்கும். நீர் ஏறும் குழாய்கள் மிகக் குறுகலானவை. இழுவிசை இவ்வளவு அதிகமாக இருக்கும்போது அகலக் குழாயில் காற்றுக்குமிழி புகுந்து நீர்த்தாரை அறுந்துவிடும். இத்தனை சிக்கனத்துக்கும் விலை, மெதுவான வளர்ச்சி. உப்பு குறைவாக, ஆற்று நீர் கலந்து கிடைக்கும் கழிமுகத்தில் இதே மரங்கள் இன்னும் வேகமாக வளரும். உப்பு இவற்றுக்கு விருந்தல்ல. மற்ற மரங்கள் வராத இடம் என்பதால் கிடைத்த குடியிருப்பு.

வேரின் காலடியில் மிஞ்சுவது

இனி மீதிப் பாதி. சுரபுன்னை நூற்றுக்கு 99 பங்கு உப்பை வாசலில் நிறுத்துகிறது என்றால், அந்த உப்பு எங்கே போகும்? எங்கும் போகாது. வேரின் காலடியிலேயே கிடக்கும். பத்து லிட்டர் கடல்நீரிலிருந்து நல்ல நீரை மரம் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 350 கிராம் உப்பு மண்ணில் மிஞ்சும். மரம் குடிக்கக் குடிக்க அது நிற்கும் மண் இன்னும் உப்பாகும். மீஞ்சூர் ஆலைகூட அடர் உப்பு நீரைக் குழாய் போட்டுக் கடலுக்குத் திருப்பி அனுப்புகிறது. மரத்துக்குக் குழாய் இல்லை. அதற்கு ஓதம்தான் குழாய்.

நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் நீர், வேரடி உப்பைக் கரைத்து எடுத்துப் போகிறது. வெறும் களிமண்ணுக்குள் நீர் அவ்வளவு எளிதில் புகாது. இங்கே நண்டுகள் கைகொடுக்கின்றன. அலையாத்திச் சேறு முழுக்க நண்டு வளை. ஏற்றத்தில் வளைகளுக்குள் நீர் இறங்கி, சுற்றியுள்ள மண்ணின் உப்பை வாங்கிக்கொண்டு, வற்றத்தில் வெளியேறும். ஆஸ்திரேலியாவின் அலையாத்திக் காடுகளில் இதை அளந்திருக்கிறார்கள். இலையைத் தின்று வளை தோண்டும் நண்டு, மரத்தின் கழிவுநீர்க் கால்வாயையும் சேர்த்தே பராமரிக்கிறது.

வேர் மூச்சுவிடுவதும் இதே ஏற்றவற்றத்தை நம்பித்தான். வெண்கண்டலின் வேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வற்றத்தில் அந்த மூச்சுவேர்கள் வழியாகக் காற்று உள்ளே போய், சேற்றில் புதைந்த வேர்களுக்குச் சேரும். வடிகட்டும் சுவர் வெறும் கட்டுமானம் என்றேன். ஆனால் அந்தச் சுவரைக் கட்டவும், தப்பி உள்ளே வந்த சோடியத்தைச் சமாளிக்கவும், வேரைப் புதுப்பிக்கவும் ஆற்றல் வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் அந்த ஆற்றல் இல்லை. மூச்சுவேர் மாதக்கணக்கில் நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தால், உப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் மரம் சாகும்.

ஓதம் தினமும் வராத இடம் எப்படி இருக்கும்? கடலை விட்டு உள்ளே போகப் போக உப்பு குறையும் என்று நினைப்போம். சதுப்பில் பெரும்பாலும் நேர்மாறு. கழியோர மண்ணைத் தினமும் கடல்நீர் கழுவுவதால் அதன் உப்பு கடலின் அளவை ஒட்டியே நிற்கும். மேட்டுப்பக்கம் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் மட்டும் நீர் ஏறும். ஏறிய நீர் வெயிலில் வற்றும், உப்பு தங்கும். அடுத்த பௌர்ணமியில் இன்னும் கொஞ்சம். கோடை முடிவதற்குள் அங்கே மண்ணின் உப்பு கடலைப் போல இரு மடங்கைத் தாண்டிவிடும். உமரி வாழும் இடம் அதுதான். அதையும் தாண்டினால் ஒன்றும் முளைக்காத வெள்ளை வெளி.

அந்த மேட்டை யார் கழுவுவது? மழை. அதனால்தான் உமரியின் பெரிய சாமர்த்தியம் இலையில் இல்லை, விதையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். வளர்ந்த செடி தாங்கும் உப்பை முளைவிடும் விதை தாங்காது. ஆகவே உப்பு மண்ணில் விழுந்த விதை கெட்டுப் போகாமல் உறங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணின் உப்பைக் கழுவி இறக்கியதும் முளைக்கும். தை பிறந்து மழை விட்டு, உப்பு மீண்டும் ஏறுவதற்குள் வேரூன்றிவிடும். சுரபுன்னை இதைவிட முன்னெச்சரிக்கை. விதையை மண்ணில் விடாமல் மரத்திலேயே முளைக்க வைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்ட நாற்றாக்கித்தான் கீழே விடும். தாயின் உடம்பில் இருக்கும் உப்புகூட அந்த நாற்றுக்குள் குறைத்தே செலுத்தப்படுகிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகு பிச்சாவரத்தின் கதை எளிதில் புரியும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் இந்தக் காட்டில் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம், கூறு கூறாகப் பிரித்து முறை வைத்து மொட்டையாக வெட்டும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடத்தில் மரம் தானே வளர்ந்துவிடும் என்பது கணக்கு. மலைக்காட்டில் பலிக்கக்கூடிய கணக்கு அது, இங்கே பலிக்கவில்லை. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து இறுகி, சில அங்குலம் தாழ்ந்து, நடுவில் தாம்பாளம் போலக் குழிந்தது. தமிழ்நாட்டுக் கரையில் ஓதத்தின் உயரமே ஒரு மீட்டருக்கு உள்ளேதான். சுந்தரவனத்தைப் போலப் பல மீட்டர் ஏறி இறங்கும் இடமாக இருந்தால் சில அங்குலக் குழி ஒரு பொருட்டல்ல. இங்கே அது போதுமானதாக இருந்தது. பெரிய ஓதத்தில் குழிக்குள் ஏறிய நீர் திரும்ப வெளியேறவில்லை. தேங்கி வற்றியது, உப்பு ஏறியது, மறுபடி ஏறிய நீர் மறுபடி வற்றியது. யாரும் திட்டமிடாமலே அந்த இடம் உப்பளப் பாத்தியாகிவிட்டது. மிதந்து வந்த நாற்றுகள் அங்கே பிடிக்கவில்லை. உப்பை மிக அதிகமாகத் தாங்கும் வெண்கண்டலுக்கும் அங்கே வேலையில்லாமல் போய், ஓரங்களில் உமரி மட்டும் படர்ந்தது. விறகு பொறுக்குபவர்களும் மேயும் மாடுகளும்தான் காட்டை அழிக்கிறார்கள் என்று பழி விழுந்தது. மாடு கன்றுகளைக் கடித்தது உண்மைதான், ஆனால் மண் குழிந்தது மாட்டால் அல்ல.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து இந்த வெற்றிடங்களில் வேலை தொடங்கியபோது, முதலில் எடுத்தது கன்றை அல்ல, மண்வெட்டியை. பக்கத்துக் கழியிலிருந்து ஒரு பெரிய கால்வாயைக் குழிக்குள் கொண்டுவந்து, அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறு கால்வாய்களைப் பிரித்தார்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போல இருக்கும், பெயரும் மீன்முள் கால்வாய்தான். ஓதம் உள்ளே வந்து, உப்பைக் கரைத்துக்கொண்டு, திரும்பிப் போக வழி கிடைத்தது. கன்றுகளைக் கால்வாயின் கரைச்சரிவில், நடு உயரத்தில் நட்டார்கள். அதற்குக் கீழே நட்டால் மூழ்கும், மேலே நட்டால் நீர் எட்டாது. பின்னர் முத்துப்பேட்டையிலும் ஆந்திரக் கழிமுகங்களிலும் இதே முறை பின்பற்றப்பட்டது. இன்று பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகில் போகிறவர்கள் இயற்கைக் காடு என்று நினைத்துப் படமெடுக்கும் பச்சையில் ஒரு பகுதி இந்தக் கால்வாய்க் கரைகளில் வந்தது. 2022இல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கன்று நடுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். முழங்கால் சேற்றில் நின்று கால்வாய் வெட்டுவது அப்படி இருக்காது. கடலோரங்களில் ஆயிரக்கணக்கில் கன்று நட்டதாக அறிவிப்பு வரும்போதெல்லாம் நான் தேடுவது, அந்த இடத்தில் ஓதம் வந்து போகிறதா என்ற ஒரு வரியை. பெரும்பாலும் அது இருப்பதில்லை.

வெண்கண்டலின் மரபணுக்களை நெல்லில் ஏற்றும் முயற்சியும் அதே சுவாமிநாதன் நிறுவனத்தில் நடந்தது. வேறு நாடுகளிலும் சோடியத்தை நடுப்பைக்குள் தள்ளும் அந்தச் சுற்றுக் கதவுப் புரதத்தை அதிகமாகச் சுரக்க வைத்து, 2001இல் உப்பு நீரில் தக்காளி காய்க்க வைத்தார்கள். இலையில் உப்பு சேர்ந்தது, பழத்தில் சேரவில்லை. ஆனால் மேலே பார்த்த பட்டியலை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மெழுகுச் சுவர், குறுகிய குழாய், சுற்றுக் கதவு, பீட்டெய்ன், உறங்கும் விதை. இதில் ஒன்றைக் கடன் வாங்கி நெல்லுக்குக் கொடுத்தால் நெல் உமரி ஆகிவிடாது. கொடுத்த அளவுக்கு விளைச்சலில் பிடித்தமும் இருக்கும்.

பிச்சாவரத்துக் கால்வாய்கள் வெட்டியதோடு முடிந்துவிடவில்லை. ஓதம் உப்பை எடுத்துப் போவதோடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வண்டலையும் கொண்டுவந்து போடுகிறது. முதலில் தூர்ந்து போவது கிளைக் கால்வாய்களின் நுனிகள், கடைசியில் நட்ட கன்றுகள் நிற்கும் இடம். சில வருடத்துக்கு ஒருமுறை யாராவது இறங்கித் தூர்வார வேண்டியிருக்கிறது, கன்றுகள் மரமாகி நண்டுகள் போதுமான வளை தோண்டும் வரை.